இரண்டு பனியன்

ஜூலை 3
இன்றும் இரண்டு பனியன்.

ஜூலை 5
கணக்கு எனக்குத் தெரியும். மூன்றாவது வரியில் குறி மாறிப்போயிருந்தது, அவ்வளவுதான். சார் என்னைத்தான் எழுப்பினார். பலகைவரை நடக்க வேண்டும், கையைத் தூக்கி எழுத வேண்டும், தூக்கினால் சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். "தெரியாது சார்" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. மக்கு என்று நினைத்தால் நினைக்கட்டும். வகுப்புப் பையன்கள் வைத்திருக்கும் பட்டப்பெயருக்கு மக்கு எவ்வளவோ தேவலை. அதை இங்கேகூட எழுத மாட்டேன்.

ஜூலை 6
மார்க் குறைந்ததற்கு அம்மா ஒரு பாட்டம் திட்டினாள். அப்புறம் கூன் போட்டு நடக்கிறேன் என்று இன்னொரு பாட்டம். இரண்டும் ஒரே விஷயம் என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 8
கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். தலை வார மறுபடி திருப்ப வேண்டியதாயிற்று.

ஜூலை 9
ஓட்டப்பந்தயத்துக்கு ஆள் எடுத்தார்கள். கணுக்கால் சுளுக்கு என்று சொல்லிவிட்டேன். போன வருடம் நான் 2-வது.

ஜூலை 12
போனது காய்ச்சலுக்கு. ஸ்டெதாஸ்கோப் வைக்கும்போது டாக்டர் பார்த்துவிட்டார். அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "எத்தனை நாளா இருக்கு?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. இந்த வயதில் ஹார்மோன் ஏறி இறங்கும், ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு இப்படி மார்பு வீங்கும், பெரும்பாலும் 6 மாதத்திலிருந்து 2 வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் என்றார்.

பாதியா? படுத்துக்கொண்டே வகுப்பில் ஒவ்வொருவனாக எண்ணிப் பார்த்தேன். எவனும் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் அந்தப் பெயரை முதலில் சொன்னவன் எப்போதும் பையை முன்பக்கம்தான் மாட்டிக்கொண்டு வருகிறான்.

ஜூலை 13
2 வருடம் என்றால் 730 நாள்.

ஜூலை 16
அக்கா பரீட்சைக்கு உளவியலைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு, 2000-ல் வெளிவந்ததாம். கூச்சமாக இருக்கும்படியான டீ-ஷர்ட்டை ஒரு மாணவனுக்கு மாட்டி, ஆட்கள் இருக்கும் அறைக்குள் அனுப்புகிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவன் நினைக்கிறான். கவனித்தது கால் பங்குகூட இல்லை.

சரி. டீ-ஷர்ட்டைக் கழற்றிவிடலாமே அக்கா.

அவளிடம் கேட்கவில்லை.

ஜூலை 17
726.

ஜூலை 18
இன்று சார் அந்தப் பையை முன்பக்கம் மாட்டுகிறவனைப் பலகைக்குக் கூப்பிட்டார். எழுந்தான், பலகையைப் பார்த்தான், "தெரியாது சார்" என்று உட்கார்ந்துவிட்டான். நான் அவனுக்குப் பின் பெஞ்ச். அவன் நோட்டில் விடை இருந்தது.