மான்கறிக்கு சி.டபிள்யூ.டி. பாசிட்டிவ் என்று போன் வந்தால்

எனக்குத் தெரிந்த வட்டத்தில் மான் வேட்டைக்குப் போகும் நம் ஆட்கள் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேராகக் கூடிக்கொண்டு வருகிறார்கள். துப்பாக்கி எது வாங்கலாம், லைசென்ஸ் எப்படி எடுப்பது, ஆரஞ்சு ஜாக்கெட் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் கேட்கிறார்கள். சுட்ட மானுக்கு நோய் இருந்தால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அது நடந்தது, நான் சுட்ட மானுக்கு சி.டபிள்யூ.டி. (Chronic Wasting Disease) என்கிற மூளை நோய் இருந்தது, அதனால் எழுதுகிறேன். (ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் 1972-ம் வருடச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம். அமெரிக்காவில், நான் இருக்கும் விஸ்கான்சினில், அரசே லைசென்ஸ் கொடுத்து நடத்துகிறது. தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு (நவம்பரின் நான்காவது வியாழன்) முந்தைய சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கி ஒன்பது நாள் ஓடும்.)

நான் போவது மேடிசனுக்கு மேற்கே, அயோவா கவுண்டி என்கிற மாவட்டத்துப் பக்கம். பக்கத்து வீட்டுக்காரரின் தம்பிக்கு அங்கே பண்ணை இருக்கிறது. அவர்தான் எனக்கு வேட்டை கற்றுக்கொடுத்தவர், எழுபது வயதைத் தாண்டியவர். அந்த வருடம் எனக்குக் கிடைத்தது நல்ல வளர்ந்த கிடா. கொழுப்பு திரண்டு, மயிர் பளபளவென்று, நொண்டல் இல்லாமல், நாய் மாதிரி மெலியாமல், எந்தக் குறையும் சொல்ல முடியாத மான். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

தலையை அறுத்தபோது தொண்டைக்குள் இருந்து வெளிறிய மஞ்சள் நிறத்தில் கொழுத்த புழுக்கள் நெளிந்து வந்தன. முதல் தடவை பார்ப்பவருக்கு வயிற்றைப் புரட்டும். பெரியவர் அசரவே இல்லை. அது மூக்குப் புழு, ஒரு ஈயின் குட்டிப் பருவம். அந்த ஈ மானின் மூக்கருகே குஞ்சுகளை விட்டுவிட்டுப் போகும், அவை தொண்டைப் பைக்குள் ஏறி வளர்ந்து, காலம் வந்ததும் வெளியே விழுந்து மண்ணுக்குள் கூடு கட்டும். கறிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மாநிலத்தின் வடக்கே போகிறவர்களுக்கு ஈரலில் இலை மாதிரித் தட்டையான புழு கிடைக்கும். ஈரலைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தொடைக்கறியைத் தாராளமாகச் சாப்பிடலாம். தோலில் ஒட்டியிருக்கும் உண்ணிதான் இதையெல்லாம் விட மோசம், ஏனென்றால் அது நம்மைக் கடித்து லைம் நோயைக் கொடுக்கும். நவம்பர் குளிரிலும் அது சாவதில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை துணியைக் கழற்றி உடம்பு முழுக்கத் தடவிப் பார்ப்பது.

ஆனால் சி.டபிள்யூ.டி. கண்ணுக்குத் தெரியாது. மான், எல்க், மூஸ் வகையறாவுக்கு வருகிற மூளை நோய் அது. கிருமியோ வைரஸோ இல்லை, ப்ரியான் என்று சொல்லப்படும் முறுக்கிக்கொண்ட புரதம், பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் முறுக்கிவிடும். இங்கிலாந்தில் மாடுகளுக்கு வந்ததே பைத்திய மாட்டு நோய், அதே குடும்பம். இந்த நோயை 1967-ல் கொலராடோவில் ஓர் ஆய்வுக்கூடத்து மான்களிடம் முதலில் பார்த்தார்கள். விஸ்கான்சினில் 2002 பிப்ரவரியில் தெரியவந்தது, மவுண்ட் ஹோரப் ஊருக்குப் பக்கத்தில் முந்தைய சீசனில் சுட்ட மான்களில். எங்கள் பண்ணையில் இருந்து அந்த ஊர் ரொம்பத் தூரமில்லை. தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு வருடம் வரை சாதாரணமாகத்தான் ஓடும், மேயும், இணை சேரும். எலும்பும் தோலுமாகி, எச்சில் ஒழுக, தலையைத் தொங்கப்போட்டு நிற்பதெல்லாம் கடைசிக் கட்டம். பெட்டைகளை விட வயதான கிடாக்களிடம் அதிகம் இருக்கிறது. அதாவது எல்லாரும் ஆசைப்படுகிற அதே பெரிய கொம்பு மானிடம்.

நண்பர்களிடம் சொன்னால் உடனே வரும் பதில், "நம்ம ஸ்டைல்ல குக்கர்ல நாலு விசில் விட்டா எல்லாம் செத்துடும்பா" என்பது. டாக்ஸோபிளாஸ்மா மாதிரி ஒட்டுண்ணிக்கு அது சரி. மான்கறியை உள்ளே சிவப்பாக வைத்துச் சாப்பிடுகிறவர்களை விட நன்றாக வேகவைத்துக் குழம்பு வைக்கும் நமக்கு அந்த ஆபத்து குறைவுதான். ப்ரியானுக்கு உயிரே கிடையாது, எங்கே சாக? குக்கர் சூட்டில் அது அழியாது, ஃப்ரீசரிலும் அழியாது. உப்பு, மஞ்சள், வினிகர், புகை போடுவது, உப்புக்கண்டம் போட்டு வெயிலில் காயவைப்பது எதுவும் உதவாது. மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கணுக்களில் அதிகம் இருக்கும் என்றாலும் சதையிலும் இருப்பது 2006-லேயே நிரூபணமாகிவிட்டது. மூளையை ஒதுக்கிவிட்டால் போதும் என்ற சமாதானமும் செல்லாது. சோதனை ஒன்றுதான் வழி.

சோதனை இங்கே சுலபம், வேட்டைக்காரருக்குச் செலவும் இல்லை. மானைச் சுட்ட மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், அது எல்லா மானுக்கும் கட்டாயம். அந்தப் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டேன். கொம்பை ரம்பத்தால் எடுத்துவிட்டு, தலையோடு கழுத்தில் சுமார் ஐந்து அங்குலம் சேர்த்து வைத்துக்கொண்டேன், ஏனென்றால் அவர்கள் எடுக்கும் நிணநீர்க் கணுக்கள் தொண்டைக்குப் பின்னால் இருக்கின்றன. ஒட்ட அறுத்தால் அவையும் போய்விடும். இயற்கை வளத் துறை ஊருக்கு ஊர் பெட்டி வைத்திருக்கிறது, இரவு பகல் எந்த நேரமும் போடலாம். அங்கேயே படிவம், பை, சீட்டு எல்லாம் இருக்கும். மான் விழுந்த இடத்தை முடிந்த அளவு துல்லியமாகக் கேட்பார்கள், அதை நன்றாக எழுதுங்கள். நோய் எங்கே பரவுகிறது என்று அவர்களுக்குத் தெரிவது அதை வைத்துத்தான்.

கறியை நானே வெட்டினேன், கையுறை போட்டுக்கொண்டு, முதுகெலும்பை அறுக்காமல், எலும்பில் இருந்து சதையை மட்டும் கழற்றி. ஒவ்வொரு பொட்டலத்திலும் பதிவு எண்ணை எழுதி ஃப்ரீசரின் ஒரே தட்டில் தனியாக அடுக்கினேன். முடிவு வர இரண்டு வாரம் போல ஆகும். அந்த வாரம் தேங்க்ஸ்கிவிங், வீடு நிறைய விருந்தாளிகள், மான்கறிச் சுக்கா கேட்டு ஆளாளுக்கு நச்சரித்தார்கள். மனைவி ஆட்டுக்கறிதான் செய்தாள். "ரிசல்ட் வரட்டும்" என்று அவள் சொன்ன உறுதியில் பாதிகூட எனக்கு இல்லை, குழந்தைகள் முகத்தைப் பார்த்தால் மனசு இளகும்.

முடிவை இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் போன் வந்தது. பாசிட்டிவ். பேசிய பெண் பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் பாசிட்டிவ் மானைச் சாப்பிட வேண்டாம் என்பது நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. சாப்பிடக் கூடாது என்று சட்டம் கிடையாது, முடிவு நம்முடையது.

பெரியவர் தான் சாப்பிடுவேன் என்றார். "ஐம்பது வருஷமா சாப்பிடறேன், எனக்கு என்ன ஆச்சு?" அவர்மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, இதில் மட்டும் உடன்பாடு இல்லை. இங்கிலாந்து மாட்டு நோய் 1986-ல் கண்டுபிடிக்கப்பட்டது, அது மனிதருக்கு வந்திருக்கிறது என்று அரசு ஒப்புக்கொண்டது 1996-ல். நடுவில் பத்து வருடம் ஒன்றும் ஆகாது என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். குரங்குகளுக்கு மான்கறி கொடுத்துச் செய்த ஆய்வுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. இந்த நிலையில் என் பிள்ளைகளின் தட்டில் அதை வைக்க எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

மொத்தக் கறியையும் இரட்டைப் பையில் கட்டி, நிலப்புதைப்புக் கிடங்குக்குப் போகிற குப்பையில் போட்டேன். எலும்பும் தோலும் அப்படியே. காட்டிலோ தோட்டத்திலோ வீசக் கூடாது. ப்ரியான் மண்ணில் வருடக்கணக்கில் தங்கி அடுத்த மானைப் பிடிக்கும். நரிக்கும் காக்கைக்கும் உதவும் என்று நினைத்து விட்டுவிடுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். உயிரை எடுத்துவிட்டு அதைச் சாப்பிடவும் முடியாமல் போவது எனக்கு நிஜமாகவே கஷ்டமாக இருந்தது, இன்னும் இருக்கிறது. கத்தியில் ஒட்டியிருந்த சதை, கொழுப்பை எல்லாம் தேய்த்துக் கழுவிவிட்டு, இரண்டு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிடம் ஊறவைத்தேன். இது எவர்சில்வர் மாதிரி வழவழப்பான பரப்புக்குத்தான் வேலை செய்யும், மரப்பலகைக்குள் இறங்கியதை எடுக்காது. மரப்பலகையை எறிந்துவிட்டு இப்போது பிளாஸ்டிக் பலகை வைத்திருக்கிறேன்.

கடையில் கொடுத்து வெட்டுகிறவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம். சாசேஜ், கைமா போடும்போது பல கடைகளில் நாலைந்து பேரின் மானை ஒன்றாகக் கொட்டி அரைப்பார்கள். உங்கள் மான் சுத்தமாக இருந்தாலும் அடுத்தவருடையது எப்படியோ. "என் மானைத் தனியாக வெட்டித் தருவீர்களா, ரிசல்ட் வரும்வரை வைத்திருப்பீர்களா" என்று கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். மாட்டேன் என்றால் வேறு கடை.

பெட்டை மானுக்கும் சோதனை வேண்டுமா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். வேண்டும். குட்டிக்கும்தான், அதிலும் வந்திருக்கிறது. தொற்று ஆரம்பத்தில் இருந்தால் சோதனையிலும் தப்பிவிடலாம், நூறு சதவீத உத்தரவாதம் கிடையாது. ஆனாலும் நோய் இருக்கும் கவுண்டியில் சோதிக்காத கறியை நான் வீட்டில் சமைப்பதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை.