ரிம்முக்கு என்ன கலர் அடிக்கலாம்?

காரோட பாடி கலரை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அலைந்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். ரிம் கலருக்கு அந்தத் தலைவலி இல்லை. அதனாலோ என்னவோ, கோயமுத்தூரில் பழைய கார் வைத்திருக்கிற நிறையப் பேருக்கு என்றைக்காவது ஒரு நாள் ரிம்மைக் கறுப்பாக்கும் ஆசை வந்துவிடுகிறது. எனக்கும் வந்தது. வண்டி வெள்ளை ஸ்விஃப்ட். சில்வர் அலாய் வீல், ஓரமெல்லாம் பிளாட்பாரக் கல்லில் உரசின தழும்பு, கலருக்கு மேலே பாதுகாப்பாக இருந்த கிளியர் கோட் (நிறமில்லாத பூச்சு) உரிந்துகொண்டிருந்தது. நான் வேலை பார்ப்பது அலுமினிய ஃபவுண்டரியில், குவாலிட்டி பிரிவில். அதனால் வீலைப் பார்த்தால் கலருக்கு முன்னால் உலோகம்தான் கண்ணில் படும்.

கையைக் கடிக்காத வழி ஸ்ப்ரே டப்பா. டயரைக்கூடக் கழற்ற வேண்டாம். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே சீட்டுக்கட்டை வரிசையாகச் செருகி வைத்து அடித்துவிடலாம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மெல்லிசாகப் பல கோட் விட்டால் பார்க்க நன்றாகவே வரும். வாட்டர் சர்வீஸ்காரர் பிரஷர் கன்னைப் பிடிக்கிற வரைக்கும்தான் அந்த அழகு. ஸ்டீல் ரிம், மேலே பிளாஸ்டிக் வீல் கேப் என்றால் இதுவே போதும். கேப்பைக் கழற்றி, பிளாஸ்டிக்குக்கான பிரைமர் போட்டு மொட்டைமாடியில் வைத்து அடியுங்கள்.

கலரில் மனசு ஊசலாடுகிறவர்களுக்கு உரித்தெடுக்கிற ரப்பர் பெயின்ட் இருக்கிறது. பிடிக்காவிட்டால் தோல் மாதிரி இழுத்துவிடலாம். ஆனால் கனமாக அடிக்க வேண்டும். மெல்லிசாக அடித்தால் உரிக்கும்போது துணுக்குத் துணுக்காகத்தான் வரும். பெட்ரோல் பட்டால் கரையும்.

டிங்கரிங் பட்டறையில் பி.யு. (பாலியூரித்தேன்) பெயின்ட் அடிப்பதை நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். நினைத்த ஷேடைக் கலந்து தருவார்கள், ஓரத் தழும்பைப் பட்டி போட்டு நிரவலாம், நாளைக்கு ஒரு இடத்தில் உரசினால் அந்த இடத்தை மட்டும் சரிபண்ணலாம். பவுடர் கோட்டிங்கில், அதாவது பெயின்ட் பவுடரைத் தூவி ஓவனில் உருக்கிப் படிய வைப்பதில், இந்த வசதி கிடையாது. சாதாரணப் பட்டி ஓவன் சூட்டைத் தாங்காது.

இருந்தும் நான் போனது பவுடர் கோட்டிங்குக்குத்தான். ஊரில் கணபதி ஏரியா பக்கம் கேட், கிரில், பம்ப் பாடி எல்லாம் கோட்டிங் பண்ணுகிற ஒரு கடை. போனதும் கேட்டேன்: "ஏனுங்ணா, ஓவன் எத்தனை டிகிரி வைப்பீங்க?"

"நூத்தித் தொண்ணூறுங்க. பதினஞ்சு நிமிஷம். ரிம்மு அந்தச் சூட்டுக்கு வந்ததுக்கப்புறம்தான் நிமிஷம் எண்ணுவோம், ஓவன் மீட்டரைப் பார்த்தில்லீங்க."

அந்தப் பதிலுக்காகவே வேலையைக் கொடுத்துவிட்டேன். காரணம் இருக்கிறது. அலாய் வீல் பெரும்பாலும் ஏ356 வகை அலுமினியம். எங்கள் ஊர் ஃபவுண்டரிகளில் எல்.எம்.25 என்போம். வார்த்த பிறகு 540 டிகிரி வாக்கில் ஊற வைத்து, தண்ணீரில் குளிரவிட்டு, மறுபடியும் 160 டிகிரி அளவில் மணிக்கணக்கில் வைத்துத்தான் அதற்குப் பலம் ஏற்றுகிறார்கள். 200 டிகிரிக்குள் கொஞ்ச நேரம் என்றால் பயமில்லை. பழைய பெயின்ட்டை எடுக்கிறேன் என்று கேஸ் நெருப்பைக் காட்டுகிற கடைகள் இருக்கின்றன. அங்கே ரிம்மைக் கொடுக்காதீர்கள். ஏற்றின பலம் இறங்கிப்போகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கெமிக்கலிலோ பிளாஸ்டிங்கிலோ (மணல் மாதிரி துகளைப் பீய்ச்சி அடிப்பது) எடுக்கச் சொல்லுங்கள். விரிசல் கண்ட ரிம்முக்கு எந்தக் கலரும் வேண்டாம், பழைய இரும்புக் கடைதான்.

இன்னொன்று, வார்ப்படத்துக்குள் நுண்ணிய காற்றுத் துளைகள் இருக்கும். பவுடர் உருகும்போது அந்தக் காற்று வெளியே வந்து ஊசி குத்தின மாதிரி புள்ளி விடும். பவுடர் தூவுவதற்கு முன்பே வெறும் ரிம்மை ஒரு தரம் சூடாக்கி எடுத்தால் இது பெருமளவு குறையும். கிரில் மட்டுமே பண்ணுகிற கடைக்காரருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை, நாம்தான் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் நட் உட்காருகிற குழியும், ஹப்பில் (வண்டியில் சக்கரத்தை மாட்டுகிற நடுப்பகுதி) படுகிற பின்முகமும். இரண்டையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டுத்தான் பவுடர் தூவ வேண்டும். அங்கே கோட்டிங் ஏறினால், நட்டை முறுக்கும்போது இறுக்கமாகத் தெரியும். ஓடஓட அந்தப் படலம் நசுங்கி நட் தளரும். மாட்டின பிறகு நூறு கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்ச் (முறுக்கின இறுக்கத்தை அளந்து காட்டுகிற ஸ்பேனர்) வைத்து ஒருமுறை சரிபாருங்கள்.

டைமண்ட் கட் கேட்டேன். லேத்தில் சீவுகிற வேலை, ஒவ்வொரு தடவையும் உலோகம் குறையும். வேண்டாம் என்றுவிட்டேன். குரோம் முலாம் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

கலர் விஷயத்தில் வீட்டில் சண்டை. எனக்கு வெண்கலக் கலர் மேல் ஒரு கண். "கல்யாண மண்டபத் தூணு மாதிரி இருக்கும்" என்றாள் மனைவி. பளபளக் கறுப்பில் தூசியும் துடைத்த கோடும் பளிச்சென்று தெரியும். மேட் கறுப்பில் கறை பிடித்தால் பாலிஷ் போட முடியாது. கடைசியில் கன்மெட்டல், அதாவது அடர்ந்த சாம்பல் கலர். ஸ்விஃப்ட்டில் முன்னால் டிஸ்க் பிரேக், அதனால் பிரேக் கரி அதிகம் படிவது முன் சக்கரங்களில்தான். கன்மெட்டல் அதை விழுங்கிவிடுகிறது. வாரம் ஒருமுறை கழுவினாலே போதும்.

டயரை மறுபடி ஏற்றும்போது வால்வைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், செலவு கொஞ்சம்தான். பேலன்சிங்குக்கு ஓரத்தில் சுத்தியலால் தட்டி மாட்டுகிற கிளிப் வெயிட் வேண்டாம், புது கோட்டிங் அங்கேயே தெறிக்கும். உள்பக்கம் ஒட்டுகிற ஸ்டிக்கர் வெயிட் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பையன் சுத்தியலை எடுத்த பிறகு சொல்லிப் பிரயோஜனமில்லை.