ஐஸ்கட்டியின் நடுவில் ஏன் வெள்ளை?

முல்லைத்தீவு மீன் வாடிகளில் இறங்கும் பெரிய ஐஸ்கட்டியைப் பாருங்கோ. ஓரம் கண்ணாடி, நடு பால் வெள்ளை. தண்ணி ஓரத்திலிருந்து உள்ளுக்கு உறையுது. காற்றுக் குமிழும் சுண்ணாம்பும் உப்பும் நடுவுக்குத் தள்ளுப்பட்டு அங்கேயே மாட்டுப்படும். எங்கட கிணத்துத் தண்ணிக்குக் கேக்கவே வேண்டாம்.

அந்தக் காலத்து ஆக்களும் இதோட மல்லுக்கட்டினவைதான். உறையும்போது மெல்லிய குழாயால் காற்று ஊதித் தண்ணியை அலைக்கழிப்பினம். நடுவில் கொஞ்சம் மிஞ்சினதும் அந்த ஊத்தைத் தண்ணியை உறிஞ்சி எடுத்து, நல்ல தண்ணி விடுவினம்.

1870களில் ஜெர்மனியில் கார்ல் லிண்டே ஐஸ் செய்ய அமோனியா கொம்பிரசரை, அதாவது அமோனியா வாயுவை அமுக்கிற யந்திரத்தை, கொண்டுவந்தார். திரவ அமோனியா சாதாரண அமுக்கத்தில் -33 பாகையிலேயே கொதிக்கும். கொதிக்கத் தேவையான சூட்டை, தண்ணி நிரப்பின தகரப் பெட்டிகள் நிக்கிற உப்புத்தண்ணித் தொட்டியிலிருந்து இழுக்கும். தொட்டி -10 பாகையில் நிக்கவேணும். 100 கிலோ கரைசலில் 20 கிலோ உப்பு இருந்தால் -16 மட்டும் உறையாது. உப்புக் குறைஞ்சால் அமோனியாக் குழாயைச் சுத்தி ஐஸ் பிடிச்சு, குளிர் கடத்தாது. கொம்பிரசர் சும்மா ஓடும். அவசரப்பட்டு அளவுக்கு மிஞ்சிக் குளிராக்கினால் கட்டி வெடிக்கும்.

28 சென்ரிமீற்றர் தடிப்புக் கட்டிக்கு 45 மணித்தியாலம் அளவில் செல்லும். தடிப்பைப் பாதியாக்கினால் நேரம் காற்பங்கு. தகரப் பெட்டி அடியில் ஒடுங்கியிருக்கிறது கட்டி வழுக்கி வரத்தான். அதுக்கு முதல் பெட்டியைச் சாதாரண தண்ணியில் அமிழ்த்தி எடுக்கவேணும்.

ஒண்டு மட்டும்: அமோனியா லைனில் செம்பு, பித்தளை வைக்கவே கூடாது. ஈரத்தோட சேர்ந்து அரிச்சுப்போடும். இரும்புதான். கசிவு பிடிக்கக் கந்தகத் திரியைக் கொளுத்திப் பிடிச்சால், ஓட்டை இருக்கிற இடத்தில் வெள்ளைப் புகை கிளம்பும்.