கடைசி பீரியடில் வாசிக்க ஒரு கதை

போன வருஷம் ஏழாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் சத்தமாகப் படித்துக் காட்ட நான் எடுத்துப் போன முதல் புத்தகம் பொன்னியின் செல்வன். கடலூர் மாவட்டப் பிள்ளைகள், கதை தொடங்குவதோ நம் வீராணம் ஏரிக்கரையில், அதுவும் ஆடிப்பெருக்கு அன்று, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். முதல் அத்தியாயம் நன்றாகத்தான் போயிற்று. ஏரித் தண்ணீர் பாய்கிற 74 கணவாய்கள், அதாவது மதகுகள், வருகிற இடத்தில், காட்டுமன்னார்கோயிலில் பாட்டி வீடு உள்ள ஒரு பெண் எழுந்து நின்று, நான் அந்த ஏரியைப் பார்த்திருக்கிறேன் என்றாள். அடுத்த வாரம் ஆழ்வார்க்கடியான் தடியோடு வந்து சைவமா வைணவமா என்று வாதாட ஆரம்பித்தார், கடைசி பெஞ்சில் புள்ளி வைத்துக் கட்டம் போடுகிற விளையாட்டும் ஆரம்பமாகிவிட்டது.

கல்கியைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த வயதில்தான் படித்தேன், ஆனால் தனியாக. புரியாத பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிட்டுப் போனேன். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளையால் அப்படித் தாண்ட முடியாதே.

அதனால் இப்போது எதையும் வீட்டில் நாலு பக்கம் வாய்விட்டுப் படித்துப் பார்த்த பிறகுதான் பையில் வைக்கிறேன். எங்கே மூச்சு முட்டுகிறது, யார் பேசுகிறார்கள் என்பது காதுக்குத் தெரிகிறதா, அரை மணியில் நிறுத்த ஓர் இடம் இருக்கிறதா, அவ்வளவுதான். நீதியில் முடிகிற கதைகளைத் தொடுவதே இல்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளை அதைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடும்.

அப்புறம் கி. ராஜநாராயணனின் ‘கதவு’ சிறுகதை. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பேச்சு இங்கே புரியுமா என்று பயந்தேன். அவர் கடைசிக் காலத்தில் வாழ்ந்தது பக்கத்துப் பாண்டிச்சேரியில்தான் என்றாலும் எழுத்து அவருடைய சொந்த ஊர் இடைசெவல்தானே. குழந்தைகள் கதவில் தொற்றிக்கொண்டு பஸ் விளையாடுகிறார்கள். திருநெல்வேலி என்று நான் படித்ததும், “பண்ருட்டி, விழுப்புரம்லாம் ஏறு” என்றான் ஒருவன். அதே கதவைத் தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகிறார்கள். தீர்வை என்றால் நிலவரி என்று சொல்ல ஒரே ஒரு முறை நிறுத்தினேன். கடலோரத் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையன் கேட்டான்: “கடன் கட்டலைன்னா போட்டையும் எடுத்துட்டுப் போவாங்களா மிஸ்?”

கைக்குழந்தை சாகிற இடத்தைப் படிக்கலாமா என்று முந்தின நாள் இரவு வெகுநேரம் குழம்பினேன். அதை விட்டுவிட்டால் கதை நொண்டும். குரலை ஏற்றாமல் படித்தேன். மணி அடித்த பிறகும் கொஞ்ச நேரம் ஒருவரும் பையைத் தொடவில்லை.

இந்த வருஷம் டோட்டோ சான், ஒரு ஜப்பானியச் சிறுமியின் பள்ளிக்கூடக் கதை. சின்னச் சின்ன அத்தியாயங்கள், பீரியடுக்கு ஒன்றிரண்டு முடிந்துவிடும். சாப்பாட்டில் கடலிலிருந்து கொஞ்சம், மலையிலிருந்து கொஞ்சம் இருக்க வேண்டும் என்பார் அதில் வருகிற தலைமையாசிரியர். என் வகுப்பில் பாதிப் பேருக்குக் கடல் பிரச்சினையே இல்லை. மலைக்கு எங்கே போவது என்று கண்டிப்பாகக் கேட்பார்கள், கடலூர் பக்கத்துக் கேப்பர் மலையைச் சொல்லிச் சமாளிக்கலாம் என்றிருக்கிறேன்.