மூக்கில் கொஞ்சம் களிமண்

பள்ளி இயற்பியல் ப்ராஜெக்டுக்குத் தண்ணீர் ராக்கெட் செய்யலாம் என்று மூன்று பேர் சேர்ந்தோம். தண்ணீர்தான் எரிபொருள் என்று முதலில் நினைத்திருந்தோம். ஆற்றல் முழுவதும் அழுத்தி அடைத்த காற்றில்தான் இருக்கிறது. கனமான தண்ணீரை அது வேகமாகக் கீழே தள்ளுகிறது. அதன் எதிர்விசையில் ராக்கெட் மேலே போகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி.

குளிர்பானம் வந்த 2 லிட்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டோம். வாயு அழுத்தத்தைத் தாங்கவே செய்தது அது. மெல்லிய குடிநீர் பாட்டில் வேண்டாம். இறக்கைகளைச் சூடான பசையால் ஒட்டியதில் முதல் பாட்டில் சுருங்கிப்போனது. அதில் காற்றடிக்கவே கூடாது என்று ஒதுக்கிவிட்டு, அடுத்ததில் டேப் மட்டும் போட்டோம்.

ஏவும் மேடைக்குத்தான் அதிக நாள் ஆனது. ரப்பர் கார்க் அதற்குப் பிடித்த நேரத்தில் கழன்றது. அப்புறம் ஒரு பிவிசி குழாயைச் சுற்றி கேபிள் டைகளை, அதாவது வயர் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை, கட்டினோம். அவற்றின் தலைகள் பாட்டில் கழுத்து விளிம்பைக் கவ்விக்கொள்ளும். வெளியே ஒரு வளையம் அவற்றை இறுக்கிப் பிடித்திருக்கும். கயிற்றை இழுத்தால் வளையம் இறங்கும், பிடி விடும். தூரத்தில் நின்றே ஏவலாம். கண்ணாடி போடாமல் ஒருவரும் பக்கத்தில் போகவில்லை.

முதல் ராக்கெட் கிளம்பிய வேகத்திலேயே குட்டிக்கரணம் போட்டு விழுந்தது. எங்கள் ஆசிரியை ஒரு நூலைக் கொடுத்து, "தண்ணீர் இல்லாமல், சமநிலைப் புள்ளியில் கட்டித் தலைக்கு மேல் சுற்றிப் பாருங்கள்" என்றார். வால் முன்னால் வந்தது! நிறை மையம் (அந்தச் சமநிலைப் புள்ளி) காற்றழுத்த மையத்துக்கு, அதாவது காற்றின் விசை மொத்தமாகச் செயல்படும் புள்ளிக்கு, முன்னால் இருந்தால்தான் ராக்கெட் மூக்கை நேராக வைத்துக்கொள்ளும். மூக்குக் கூம்பில் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, ஒவ்வொரு முறையும் சுற்றிப் பார்த்தோம். நாலாவது உருண்டைக்கு மூக்கு முன்னால் திரும்பி அப்படியே நின்றது. அந்த ப்ராஜெக்டில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் அதுதான்.

சரி, இனி தண்ணீர் எவ்வளவு? அழுத்தத்தை 60 பி.எஸ்.ஐ.யில் (சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு) மாற்றாமல் வைத்து, தண்ணீரின் அளவை மட்டும் மாற்றினோம். தண்ணீரே இல்லாதபோது தள்ள நிறை போதவில்லை. முக்கால் பாட்டில் ஊற்றினால் காற்றுக்கு இடமில்லை, சுமையும் அதிகம். மூன்றில் ஒரு பங்கு, ஏறக்குறைய 650 மில்லி, ஊற்றியபோதுதான் நன்றாக ஏறியது. 40 மீட்டர் தள்ளி நின்று கோணமானியில் பார்த்தால் உச்சியில் 38 டிகிரி. டேன் 38ஐ 40ஆல் பெருக்கி, கண் உயரத்தையும் கூட்டினால் சுமார் 33 மீட்டர்.

விழுந்ததை ஓடிப்போய் எடுத்தோம். பாட்டிலுக்குள் வெள்ளையாக மூட்டம். புகை என்று நண்பன் பதறினான். அழுத்தியிருந்த காற்று சட்டென்று விரிந்து குளிர்ந்ததில், நீராவி துளித்துளியாகத் திரண்டு நின்ற மேகம் அது. பாட்டிலைச் சாய்த்தோம், வாய் வழியே மெல்ல வழிந்து கரைந்தது.