அப்பாவின் உயிலும் அண்ணனின் கேவியட்டும்

மயிலாப்பூர் வீட்டை அண்ணனும் நானும் சரிபாதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அப்பா உயில் எழுதிப் பதிவும் செய்திருந்தார். அதை நிறைவேற்ற யாரையும் நியமிக்கவில்லை. 2014-இல் அவர் காலமானபோது வாரிசுச் சான்றிதழே போதும் என்று நினைத்திருந்தேன். சென்னை மாநகரச் சொத்தைப் பற்றிய இந்து உயில் என்பதால், 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் அப்போதிருந்த 213-ஆம் பிரிவின்படி, நீதிமன்ற ஆணை இல்லாமல் அந்த உயிலை வைத்து உரிமை கோர முடியாது என்று வழக்கறிஞர் விளக்கிய பிறகே, உயிலின்படி சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரமான நிர்வாகக் கடிதம் கோரி உயர் நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்தேன்.

நாளிதழில் அறிவிப்பு வெளியானதும், அப்பா மனத்தெளிவோடு எழுதவில்லை என்று அண்ணன் கேவியட், அதாவது ஆட்சேப மனு, போட்டார். ஓ.பி. என்ற எங்கள் சாதாரண மனு, டி.ஓ.எஸ். என்ற உயில் வழக்காக மாறி மூன்று ஆண்டுகள் இழுத்தது. உயில் செல்லாது என்று தீர்ப்பாகியிருந்தாலும், அம்மா முன்பே காலமாகிவிட்டதால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி எங்கள் இருவருக்கும் சரிபாதிதான் கிடைத்திருக்கும். ஆக, பங்கில் சண்டையே இல்லை. நிர்வாகம் யார் கையில் என்பதில்தான் சண்டை. கட்டிக்கொடுத்த தங்கையான என் பெயரில் கடிதம் வந்தால் வீடே எனக்குப் போய்விடும் என்று யாரோ அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்கள். முதல் மாதமே நேரில் போய்ப் பேசாமல் விட்டேனே என்ற வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

உயிலின் இரண்டு சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார். அப்பாவோடு வேலை பார்த்த மற்றவர், எண்பது வயதைக் கடந்தவர், மகனின் தோளைப் பிடித்தபடி கூண்டேறினார். கண்ணாடியைக் கழற்றி, தாளை முகத்தருகே கொண்டுபோய், அப்பாவின் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, "என் கண்ணெதிரே இதைப் போட்டார், பிறகு அவர் கண்ணெதிரே நான் போட்டேன்" என்றார். சட்டம் கேட்பதும் அதைத்தான். குறுக்கு விசாரணையில் தேதி தடுமாறியபோதும் அந்தப் பேச்சிலிருந்து அவர் அசையவில்லை.

2017-இல் கடிதம் கிடைத்தது. பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஓராண்டுக்குள் கணக்கும் நீதிமன்றத்தில் நான் ஒப்படைக்க வேண்டும் என்பதை அண்ணனிடம் படித்துக் காட்டியபோதுதான், என் கைக்கு வந்தது பொறுப்பு மட்டுமே என்று அவர் நம்பினார். பட்டியலை அவரோடு உட்கார்ந்தே தயாரித்தேன். அதில் நான் விட்டிருந்த பழைய சேமிப்புக் கணக்கு ஒன்றின் பாஸ்புக்கை, பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துவந்து என் முன் வைத்தவர் அண்ணன்தான்.