செம்பு இல்லாத கிளிக்

கோத்தகிரியில் தேயிலை வைத்திருப்பவர்களுக்குச் செம்பின் குணம் தெரியும். மழையில் கொப்புள நோய் வந்தால் காப்பர் ஆக்சிகுளோரைடு அடிப்போம், பூஞ்சை சாகும். இதே நச்சுக் குணம்தான், மூலக்கூறுத் துண்டுகளைச் சட்டென்று ஒன்றாகக் கோக்கும் கிளிக் வேதியியலுக்கும் முட்டுக்கட்டையாக இருந்ததாம். ஊட்டியில் பார்மசி படிக்கும் அக்கா மகளைக் குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அசைடு, அல்கைன் என இரண்டு மூலக்கூறுத் துண்டுகள். செம்பு வினையூக்கி இருந்தால் சட்டென்று கோத்துக்கொள்ளும், தண்ணீரிலும் நடக்கும். 2002இல் வேதியியலாளர்கள் மெல்டாலும் ஷார்ப்லெஸும் தனித்தனியே காட்டியது இது. மருந்து மூலக்கூறு கட்ட அருமையான வழி. ஆனால் உயிருள்ள செல் செம்பைத் தாங்காது.

கரோலின் பெர்டோசி என்ற இன்னொரு வேதியியலாளர் செம்பையே தூக்கிவிட்டார். அல்கைனை எட்டு கார்பன் வளையத்துக்குள் மடக்கினார். வளையம் விறைப்பாகவே இருப்பதால் அசைடைக் கண்டதும் தானாக வினைபுரியும். அசைடு கோத்த சர்க்கரையைச் செல்லுக்கு ஊட்டினால், அது தன் மேற்பரப்புச் சர்க்கரைச் சங்கிலிகளில் அதைச் சேர்த்துக்கொள்ளும். அப்புறம் ஒளிரும் சாயம் பூட்டிய வளையத்தை விட்டால், சங்கிலிகள் நுண்ணோக்கியில் மின்னும். உயிருள்ள ஜீப்ரா மீன் கருவிலேயே இப்படிப் பார்த்திருக்கிறார்கள்! சில புற்றுச் செல்கள் இந்தச் சர்க்கரைகளைக் காட்டித்தான் நோயெதிர்ப்புச் செல்களை ஏமாற்றுகின்றன என்பதால் இது வெறும் வேடிக்கை இல்லை.

மூவருக்கும் 2022இல் நோபல். ஷார்ப்லெஸுக்கு அது இரண்டாவது, 2001இலேயே ஒன்று வாங்கிவிட்டார். (சிலருக்கு அப்படித்தான்.)

குன்னூர், ஊட்டிப் பக்கம் ஆய்வுக்கூடத்தில் இதைச் செய்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஒருநாள் வந்து பார்க்கிறேன்.